போடாத பதினேழாம் துளை

மூன்று வருடம் இருக்கும். பொங்கல் முடிந்த மறுவாரம். பழவேற்காடு ஏரியை ஒட்டிய ஒரு மீனவக் கிராமத்தில் எங்கள் கம்பெனி மண் பரிசோதனை வேலை எடுத்திருந்தது. அந்த வழியாக உயர் அழுத்த மின்கம்பி கொண்டு போவதாகத் திட்டம். அதற்குப் பெரிய பெரிய டவர்கள் நிற்க வேண்டும். டவர் வரப்போகும் ஒவ்வொரு இடத்திலும் பூமியில் துளை போட்டுப் பார்க்க வேண்டும். கீழே என்ன மண், எத்தனை மீட்டரில் கெட்டியாகிறது, உப்பு எவ்வளவு, நில அதிர்வு வந்தால் மணல் இளகிப் போகுமா, இதெல்லாம் பார்த்து எழுதித் தருவதுதான் எங்கள் வேலை. நான் அந்த வேலைக்குப் பொறுப்பான இன்ஜினீயர்.

பொம்பளை இன்ஜினீயர் என்றால் ஏ.சி. ரூமில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் பார்ப்பாள் என்று என் சொந்தக்காரர்களே இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் படித்து முடித்த நாளிலிருந்து வெயிலில்தான் நிற்கிறேன். வயல், கல்குவாரி, சாக்கடை ஓரம், சுடுகாடு என்று துளை போடாத இடமில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. மண்ணைக் கையில் எடுத்து உருட்டினாலே அது என்ன ஜாதி என்று சொல்லிவிடுவேன் என்று ஆபீஸில் பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சை நானும் நம்பினேன் என்பதுதான் இந்தக் கதையின் ஆரம்பம்.

பொன்னேரியில் ஒரு லாட்ஜில் தங்கியிருந்தோம். நான், எங்கள் மேஸ்திரி, அவருடைய ஆட்கள் நாலு பேர். காலையில் வேனில் கிளம்பினால் திருப்பாலைவனம் தாண்டும்வரை இரண்டு பக்கமும் அறுவடைக்கு நிற்கும் நெல். அதற்கப்புறம் காற்றில் உப்பு வாசம் வந்துவிடும். இறங்கினதும் வேலை. மூன்று கால் இரும்புச் சட்டத்தை நிறுத்தி, அதிலிருந்து கனமான சம்மட்டியைத் தூக்கித் தூக்கி ஒரு கம்பியின் தலையில் போடுவோம். கம்பி முப்பது சென்டிமீட்டர் இறங்க எத்தனை முறை சம்மட்டி விழுகிறது என்று எண்ணுவோம். எண்ணிக்கை கூட இருந்தால் மண் கெட்டி, குறைந்தால் மண் லேசு. கேட்க ரொம்ப எளிமையாக இருக்கும். நூற்றுக்கணக்கான டன் இரும்பு பூமியில் நிற்பது இந்த எண்ணிக்கையை நம்பித்தான்.

மொத்தம் இருபத்து மூன்று இடங்கள். சர்வே செய்தவர்கள் ஒவ்வொரு இடத்திலும் ஒரு மூங்கில் நட்டு, நுனியில் சிவப்புத் துணி கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். பதினாறாவது கொடி ஊருக்குப் பின்னால் சவுக்குத் தோப்பு ஓரத்தில் இருந்தது. பதினெட்டாவது எதிர்ப்பக்கம் ஒரு மணல் மேட்டில். இரண்டுக்கும் நடுவில், ஏரி விளிம்பில், பதினேழு. நாங்கள் போனபோது அந்தக் கொடியைச் சுற்றி முழங்காலுக்குக் கீழ் தண்ணீர் நின்றது. மழைத் தண்ணீர் இன்னும் வடியவில்லை. மற்றதை முடித்துவிட்டுக் கடைசியில் வருவோம் என்று தாண்டிப் போய்விட்டோம்.

அங்கேதான் அந்த அக்காவைப் பார்த்தேன். அக்கா என்று சொல்கிறேனே தவிர என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருப்பார், அவ்வளவுதான். தினமும் காலையில் ஏழெட்டுப் பெண்கள் வரிசையாக அந்த வழியே ஏரிக்குள் இறங்குவார்கள். புடவைமேல் ஆம்பளைச் சட்டை. கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் பனையோலைப் பறி. வலை கிடையாது, படகு கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடித்துப் பறியில் போட்டுக்கொள்வார்கள். அப்படிப் போகும்போது இந்த அக்கா மட்டும் எங்கள் சட்டத்துக்குப் பக்கத்தில் நின்றுவிடுவார். குழாயிலிருந்து நாங்கள் வெளியே எடுக்கும் மண்ணை ஒரு விரலால் தொட்டு மோந்து பார்ப்பார். இது எத்தனை ஆழத்து மண் என்று கேட்பார். நான் சொன்னால், அவ்வளவு கீழேயும் கிளிஞ்சல் இருக்கிறதா என்று ஆச்சரியப்படுவார். ஒரு காலத்தில் இங்கே எல்லாம் தண்ணீர்தான் என்பேன். இப்பவும் அப்படித்தானே என்று சிரித்துவிட்டுப் போவார்.

இருபத்திரண்டு இடம் முடிந்தது. அப்பவும் பதினேழில் தண்ணீர் வடியவில்லை. அந்தச் சமயத்தில் மேஸ்திரிக்குக் காய்ச்சல். ஆபீஸிலிருந்து மேனேஜர், திங்கட்கிழமை வண்டியும் சாமானும் வேறு ஜில்லாவுக்குப் போயாக வேண்டும் என்று இரண்டு முறை போன் செய்துவிட்டார். தண்ணீருக்குள் துளை போட வேண்டுமென்றால் மிதவை கட்ட வேண்டும். அதற்கு ஆள் பார்க்க வேண்டும், ஊரில் அனுமதி கேட்க வேண்டும். குறைந்தது நாலு நாள்.

பதினாறாம் துளையையும் பதினெட்டாம் துளையையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. மேலே நாலு மீட்டர் மணல், அப்புறம் கொஞ்சம் களி, அப்புறம் நல்ல கெட்டி மணல். நடுவில் இருப்பது மட்டும் வேறாகவா இருந்துவிடப் போகிறது?

அன்றைக்கு லாட்ஜ் அறையில் உட்கார்ந்து, போடாத துளைக்கு நான் கணக்கு எழுதினேன். யாரும் சொல்லி எழுதவில்லை. மேஸ்திரி காய்ச்சலில் படுத்திருந்தார். மேனேஜருக்குத் தெரியாது. நானாகத்தான் எழுதினேன். பக்கத்துத் துளையை அப்படியே நகல் எடுத்தால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று இங்கே ஒரு எண்ணைக் கூட்டி, அங்கே ஒன்றைக் குறைத்து, இயற்கையாக இருக்கட்டும் என்று களியின் நிறத்தைக்கூட லேசாக மாற்றி எழுதினேன். இன்றைக்கும் அந்த நிறம் மாற்றினதை நினைத்தால்தான் எனக்கு ரொம்பக் கூசுகிறது. அவசரத்தில் செய்த தப்பு என்று மற்றதைச் சொல்லலாம். இதை அப்படிச் சொல்ல முடியாது.

மறுநாள் தண்ணீர் மடமடவென்று வடிய ஆரம்பித்தது. ஆனால் எழுதியாகிவிட்டது. இரண்டு நாள் சாமான்களைக் கழுவி எண்ணெய் போட்டு அடுக்குவதில் போயிற்று. சனிக்கிழமை கிளம்புகிற நாள். சாமான் ஏற்றிக்கொண்டிருந்தோம். அந்த அக்கா ஏரிக்குப் போகிற வழியில் வழக்கம்போல நின்றார். வேலை முடிந்ததா என்று கேட்டார். முடிந்தது என்றேன்.

"நடுவுல கீற கொடியாண்ட யாரும் வர்லியே மேடம்? நாங்க தெனமும் அந்தாண்டதான் போய்க்கினு வந்துக்கினு கீறோம்."

சாதாரணமாகத்தான் கேட்டார். அவர் குரலில் சந்தேகமே இல்லை. எனக்குத்தான் முகம் சூடாகிவிட்டது. ஒருநாள் விடியற்காலையில் வந்து முடித்துவிட்டுப் போய்விட்டோம் என்று சொன்னேன். அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். அப்புறம், அப்ப சரி என்று சொல்லிவிட்டு நடந்தார். விடியற்காலையிலும் அங்கே இருக்கிறவர்கள் அவர்கள்தான் என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

அந்த 'அப்ப சரி' என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. எங்களுக்கு வேன் நாலு மணிக்குத்தான். சாப்பிட்டு முடித்ததும், சும்மா ஒரு நடை போய் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று தோன்றியது. மண்ணைத் தொட்டுப் பார்த்தால் பக்கத்து மண் மாதிரிதான் இருக்கும், மனசு ஆறிவிடும் என்று ஒரு கணக்கு. மேஸ்திரி தோப்பு நிழலில் தூங்கிக்கொண்டிருந்தார். பையையும் போனையும் அவர் பக்கத்தில் வைத்துவிட்டுத் தனியாகக் கிளம்பினேன்.

தண்ணீர் முழுக்க வடிந்திருந்தது. இரண்டு நாள் வெயிலிலேயே தரை வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்து, மேலாகப் பாளம் பாளமாக வெடித்துக் காய்ந்து கிடந்தது. தூரத்தில் பூநாரைகள் தலையைத் தொங்கப்போட்டு மேய்ந்துகொண்டிருந்தன. கொடிக்கு இன்னும் முப்பது நாற்பது அடி. காலடியில் அப்பளம் நொறுங்குகிற மாதிரி சத்தம். பரவாயில்லையே, கெட்டியாகத்தான் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த அடி வைத்தேன். இடது கால் முழங்கால்வரை உள்ளே போனது. பதறி வலது காலை ஊன்றினேன். அது தொடைவரை போய்விட்டது.

மேலே இரண்டு விரல் கனத்துக்கு உப்புப் பொருக்கு. அதற்குக் கீழே கறுப்பாக, வெண்ணெய் மாதிரி களி. அழுகின முட்டை நாற்றம். ஒரு காலை இழுத்தால் இன்னொரு கால் இறங்குகிறது. இது எனக்குப் புத்தகத்தில் தெரியும். இந்த மாதிரிக் களிக்கு என்ன பெயர், அது எவ்வளவு பாரம் தாங்கும், எல்லாம் தெரியும். ஆனால் அதில் இடுப்புவரை நிற்கும்போது என்ன செய்ய வேண்டும் என்று தெரியாது. திமிறினேன். திமிறத் திமிற இறங்கினேன். கத்தினேன். தோப்பு வரைக்கும் சத்தம் போகவில்லை. காற்று தோப்புப் பக்கமிருந்து என் பக்கமாக அடித்துக்கொண்டிருந்தது.

அந்த வருடம் முகத்துவாரம் திறந்திருந்தது. கடல் ஏற்றம் கூடுகிற நாட்களில் மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் இந்த விளிம்பு வரைக்கும் ஏறும். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வெடித்த பாளங்களின் இடுக்குகளில் தண்ணீர் மெல்ல ஊர்ந்து வந்து நிறைய ஆரம்பித்தது. வேகமெல்லாம் இல்லை. ரொம்ப நிதானமாக வந்தது. ஆறாம் வகுப்புப் படிக்கிற என் பெண் அன்றைக்குக் காலையில் போனில், வரும்போது கிளிஞ்சல் எடுத்து வரச் சொல்லியிருந்தாள். அதுதான் ஞாபகம் வந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று சொல்ல முடியவில்லை. அரை மணி நேரத்துக்கு மேல் இருக்காது. எனக்கு அது ஒரு முழு நாள் மாதிரி இருந்தது.

ஏரியிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்த பெண்கள்தான் என்னைப் பார்த்தார்கள். மற்றவர்களை அங்கேயே நிறுத்திவிட்டு அந்த அக்கா மட்டும் வந்தார். நேராக வரவில்லை. எங்கேயோ வளைந்து, ஒரு கண்ணுக்குத் தெரியாத வரப்பில் நடக்கிற மாதிரி வந்தார். பக்கத்தில் வந்ததும் குப்புறப் படுத்துவிட்டார். பிடித்த இறாலைக் கரைக்குச் சுமக்கிற அலுமினியக் கூடையைக் கவிழ்த்து நெஞ்சுக்கு அடியில் கொடுத்துக்கொண்டு, பல்லி மாதிரி ஊர்ந்து என்னிடம் வந்து சேர்ந்தார்.

"மல்லாக்க சாயி. குந்திக்கிற மாரி இல்ல, படுக்கையில சாயிற மாரி சாயி. நான் கீறேன்."

'மேடம்' என்கிற அழைப்பு போயிருந்தது. அதை நான் கவனித்ததாக ஞாபகம். சாய்ந்தேன். ஆச்சரியமாக இருந்தது, சேறு என்னைத் தாங்கியது. நின்றால் விழுங்குகிற மண், படுத்தால் தாங்குகிறது. கால்களைச் சுற்றிக் கையை விட்டு, காலை வட்டமாக ஆட்டு, மேலே இழுக்காதே, ஆட்டு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆட்ட ஆட்டத் தண்ணீர் உள்ளே போய் களி பிடி விட்டது. சல்வாரோடு ஒரு கால் அங்குலம் அங்குலமாக வெளியே வந்தது. ஒரு ஷூ உள்ளேயே போய்விட்டது.

அப்போதுதான், அவர் என் இரண்டாவது காலைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, என் வாயிலிருந்து அது வந்துவிட்டது. அழுதுகொண்டே சொன்னேன். "அக்கா, இங்க நாங்க துளையே போடல. பொய் சொன்னேன்."

"அது எனக்குத் தெரியும். மொதல்ல கால ஆட்டு" என்றார்.

அவ்வளவுதான். திட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை. அதற்கு நேரமும் இல்லை, தண்ணீர் என் முதுகுக்கு அடியில் வந்துவிட்டது. இரண்டாவது காலும் வந்ததும், என் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் ஊர்ந்தே, அவர் வந்த வழியாகவே ஒரு கிளிஞ்சல் மேட்டில் ஏறினோம். மற்ற பெண்கள் கை கொடுத்துத் தூக்கினார்கள். அதில் ஒருத்தி என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். தலையிலிருந்து கால்வரை கறுப்புக் களி அப்பி, கண்ணு மட்டும் தெரிந்திருக்கும். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து நிறுத்த முடியாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஊருக்குள் கூட்டிப்போய், குடிக்க வைத்திருந்த நல்ல தண்ணீரைக் குடம் குடமாக என் தலையில் ஊற்றினார்கள். லாரியில் வருகிற தண்ணீர் அது, எனக்குத் தெரியும். போதும் போதும் என்றேன், கேட்கவில்லை. அக்கா தன்னுடைய பூப்போட்ட நைட்டி ஒன்றைக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து டீ குடித்தேன். அப்போதுதான் அவர் அந்த இடத்தைப் பற்றிச் சொன்னார். அதற்கு ஊரில் எருமைமுழுங்கி என்று பெயராம். அவர் கல்யாணமாகி வருவதற்கு முன்னாலிருந்தே அந்தப் பெயர்தான். நாலு பக்கமும் நடக்கலாம், நடுவில் மட்டும் கால் வைக்கக் கூடாது என்பது சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியுமாம். தெரிந்திருந்தும் கொடி நட்ட அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

நீங்கள்தான் துளை போட்டுப் பார்க்கப் போகிறீர்களே, பார்த்தால் தெரிந்துவிடப்போகிறது, நாங்கள் எதற்குச் சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டோம் என்றார். அவருக்கு எங்கள் சம்மட்டிமேல் அவ்வளவு நம்பிக்கை. நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன். அவரே மெதுவாகச் சொன்னார்.

"நாளைக்கு அந்த டவரு சாஞ்சிச்சின்னா, கீழ நாங்கதான் எறா தடவிக்கினு இருப்போம்."

இதைக் கோபமாகச் சொல்லியிருந்தால்கூட நான் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். நாளைக்கு மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற மாதிரிச் சொன்னார்.

அந்த நைட்டியோடேயே வெளியே வந்து, தோப்பில் வைத்திருந்த போனை எடுத்து மேனேஜருக்குப் போன் செய்தேன். இன்னும் ஒரு மணி நேரம் கழித்துக் குளித்து உடை மாற்றி வண்டியில் ஏறிவிட்டால் சொல்ல மாட்டேன் என்று எனக்கே தெரிந்திருந்தது. நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். போடாத துளை, மாற்றி எழுதின நிறம், எல்லாம். முழுக்கக் கேட்டுவிட்டு இரண்டே கேள்வி கேட்டார். இந்த வேலையில் வேறு எந்த இடத்திலாவது இப்படிச் செய்தாயா? இல்லை என்றேன். இதற்கு முன்னால், வேறு வேலைகளில்? இல்லை சார் என்றேன். வண்டியை நிறுத்தி வை, இந்தத் துளை முடியாமல் யாரும் அங்கிருந்து கிளம்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மேஸ்திரியிடம் சொன்னபோது அவர் தலையைக் குனிந்துகொண்டார். தன் காய்ச்சலால்தானே என்று வருத்தப்பட்டார். உங்கள் காய்ச்சல் பேனாவைப் பிடித்து எழுதவில்லை என்றேன். முதல் முறையாக அன்றைக்கு அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அடுத்த மூன்று நாள் நடந்தது எல்லாம் அந்த ஊர் செய்த உபகாரம். ஊரில் அனுமதி கேட்டு நின்றேன். அக்காதான் பேசினார். அவர் வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். அவரும் இன்னொருவரும் தங்கள் ஃபைபர் படகு இரண்டைக் கொடுத்தார்கள். தண்ணீர் ஏறும் நேரம் பார்த்து, படகுகளைக் கிளிஞ்சல் மேட்டுப் பக்கமிருந்து தள்ளிக்கொண்டு போய், கொடிக்கு இரண்டு பக்கமும் நிறுத்தி, நடுவில் இடம் விட்டுப் பலகை போட்டுக் கட்டினோம். அந்தப் பலகைமேல் எங்கள் மூன்று கால் சட்டம். எந்தப் பக்கம் கால் வைக்கலாம், எந்தப் பக்கம் கூடாது என்று அக்கா குச்சி நட்டுக் காட்டினார். என் அனுபவத்தில் அவ்வளவு சரியான வரைபடத்தை யாரும் எனக்குக் கொடுத்ததில்லை.

துளை ஆரம்பித்தோம். முதல் சோதனைக்குக் கம்பியை இறக்கி நிறுத்தியாயிற்று. சம்மட்டியைத் தூக்கி அடிக்க வேண்டும், நான் எண்ண வேண்டும். அடிக்கிறதுக்கு முன்னால் சம்மட்டியைக் கம்பியின் தலையில் மெதுவாக வைப்பார்கள். மேஸ்திரி வைத்தார். கம்பி இறங்க ஆரம்பித்தது. யாரும் அடிக்கவில்லை. சம்மட்டியின் பாரத்துக்கே, கத்தி தயிரில் இறங்குகிற மாதிரி, சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டே போனது. முப்பது சென்டிமீட்டர். இன்னொரு முப்பது. மேஸ்திரி என்னைப் பார்த்தார். என் கையில் பேனா இருந்தது. எண்ணிக்கை எழுத வேண்டிய கட்டத்தில் நான் பூஜ்யம் என்று எழுதினேன். அந்த இடத்துக்கு லாட்ஜில் உட்கார்ந்து நான் எழுதியிருந்த எண் பதினாலு.

ஒன்றரை மீட்டருக்கு ஒரு முறை சோதனை. அடுத்ததும் பூஜ்யம். அதற்கு அடுத்ததும் பூஜ்யம். ஒன்பது மீட்டருக்குக் கீழே போன பிறகுதான் கம்பி முதல் தடவையாக அடியை எதிர்த்து நின்றது. ஏதோ ஒரு காலத்தில் அங்கே ஆழமான ஓடை ஒன்று ஓடி, கடல் களியால் தூர்ந்து மூடிப்போயிருக்கிறது. அதன் அகலம் ஒரு கல்யாண மண்டபம் அளவு இருக்கும். வலது பக்கம் மணல், இடது பக்கம் மணல், நடுவில் இந்தப் பள்ளம். சர்வே செய்தவர்கள் மழைக்காலத்தில் படகில் வந்து கொடியைச் சரியாக அதன் நடுவயிற்றில் நட்டிருக்கிறார்கள். நான் எழுதின கணக்கை நம்பி அங்கே சாதாரண அஸ்திவாரம் போட்டிருந்தால், முதல் பெரிய புயலுக்கே அந்த டவர் சாய்ந்திருக்கும். புயல் வேண்டாம், தன் பாரத்துக்கே ஒரு பக்கம் இறங்கியிருக்கும்.

கடைசி மண்ணை வெளியே எடுத்தபோது அக்கா கையை நீட்டினார். கொடுத்தேன். வழக்கம்போல மோந்து பார்த்தார். இது நல்ல மண்ணா என்று கேட்டார். நல்ல மண், இது தாங்கும் என்றேன். தலையை ஆட்டிவிட்டு, ரொம்ப ஜாக்கிரதையாக அதைத் திரும்ப என் கையிலேயே வைத்தார்.

ஆபீஸ் திரும்பினதும் நடக்க வேண்டியது நடந்தது. ஒரு வருடத்துக்கு என் கையெழுத்து மட்டும் போட்டு எந்த அறிக்கையும் வெளியே போகக் கூடாது என்று உத்தரவு வந்தது. என்னைவிட வயதில் சின்னவர்கள் என் அறிக்கையை வாங்கிச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். வலித்தது. ஆனால் நியாயம் என்று பட்டது. வேலை கொடுத்தவர்களுக்கும் நடந்ததை மேனேஜர் மறைக்காமல் எழுதினார். அவர்கள் கோபப்பட்டார்கள், பிறகு மீதி இருபத்திரண்டு துளைகளில் ஐந்தைத் தாங்களே தேர்ந்தெடுத்து மறுபடி போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். ஐந்தும் நான் எழுதினபடியே இருந்தன. அந்தச் செய்தி வந்த அன்றைக்கு நான் வீட்டில் பாயசம் வைத்தேன். எதற்கு என்று வீட்டுக்காரர் கேட்டார். அதற்கு அப்புறம்தான் அவரிடமே முழுக் கதையையும் சொன்னேன்.

பதினேழாவது டவரைக் கிளிஞ்சல் மேட்டுப் பக்கம் தள்ளி வைக்கலாம், அங்கேயும் ஆழமான தூண் அஸ்திவாரம் போட வேண்டும், பெண்கள் ஏரிக்கு இறங்குகிற பாதையை அடைக்கக் கூடாது என்று பரிந்துரை எழுதினோம். வரைபடத்தில் ஏற்றுக்கொண்டார்கள். அறிக்கையில் இடத்தின் விவரம் எழுதுகிற கட்டத்தில், எண்ணுக்குப் பக்கத்தில், எருமைமுழுங்கி என்று எழுதினேன். சரிபார்த்த பையன் இது என்ன மேடம் என்று கேட்டான். அதுதான் அந்த இடத்தில் நடந்த முதல் மண் பரிசோதனையின் முடிவு என்றேன்.

மின்பாதை இன்னும் வரவில்லை. வழித்தடம் பற்றிப் பேச்சு நடந்துகொண்டேதான் இருக்கிறது. நான் மட்டும் வருடத்துக்கு ஒரு தடவை போய்விட்டு வருகிறேன். போன மாசிக்கு என் பெண்ணையும் கூட்டிப்போனேன். அக்கா அவளுக்குப் பறியைக் கழுத்தில் மாட்டிவிட்டு, ஆழமில்லாத இடத்தில் இறால் தடவக் கற்றுக்கொடுத்தார். ஒரு மணி நேரத்தில் அவள் பிடித்தது இரண்டே இரண்டு. அக்கா வீடு முழுக்க அதைப் பற்றியே பேச்சு. மதியம் அவரே மீன் குழம்போடு சோறு போட்டார். தங்கச்சி ஊர்லேர்ந்து வந்துகீது என்று அவர் பக்கத்து வீட்டில் சொன்னது காதில் விழுந்தது.

அந்த நாளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது இப்போது பயமில்லை. பொய் சொன்னவள் என்று தெரிந்தபிறகும் ஒரு மனுஷி தன் உடம்பைச் சேற்றில் கிடத்தி என்னிடம் ஊர்ந்து வந்தாரே, அதுதான் வருகிறது. இப்போதும் எங்கேயாவது தண்ணீரோ முள்ளோ மறித்து ஒரு இடத்துக்குப் போக முடியாமல் போகிறது. அந்தக் கட்டத்தில், போகவில்லை, தெரியாது என்று எழுதுகிறேன். மேலிடத்தில் கேள்வி வருகிறது, சில சமயம் திட்டும் வருகிறது. வாங்கிக்கொள்கிறேன். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் பேனாவை வைத்ததும் ஒரு நொடி நின்று, இந்த இடத்தில் என் கால் பட்டிருக்கிறதா என்று கேட்டுக்கொள்கிறேன்; பட்டிருக்கிறது என்று மனசு சொன்னபிறகு போடுகிற அந்தக் கையெழுத்து எனக்குத் தருகிற நிம்மதியை, இத்தனை வருடத்தில் எந்தப் பாராட்டும் தந்ததில்லை.